நிலம் தட்டையாகத் தோன்றுவது ஏன்? – கடலூர் மண் கண்ட இரண்டு அளவைகள்

சென்ற ஆண்டு மகாவீரர் ஜெயந்தியன்று எங்கள் ஊர் ஜினாலயத்தில் அபிடேகம் முடிந்து அனைவரும் மண்டபத்தில் அமர்ந்திருந்தோம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பெயர்த்தி சுவரில் மாட்டியிருந்த நாவலந்தீவுப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். “தாத்தா, பள்ளிக்கூடத்தில் பூமி உருண்டை என்கிறார்கள். இங்கே தட்டுப் போல வரைந்திருக்கிறது. தேர்வில் எதை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். எது உண்மை என்றுதான் தெரியவில்லை” என்றாள். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், “கோயிலில் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது அம்மா” என்றார். குழந்தை வாய் மூடிக்கொண்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற நானும் அன்று வாய் திறக்கவில்லை. அந்தக் கடனை இம்மலரில் அடைக்க முயல்கின்றேன்.

அவள் கேட்டது சிறுபிள்ளைக் கேள்வியன்று. நம் இல்லங்களில் வளரும் ஒவ்வொரு பிள்ளையும் வெளியில் கேளாமல் உள்ளத்தில் வைத்திருக்கும் கேள்வி அது. அதற்கு விடை தேடிப் போனால், வியப்பாக, இரண்டு வழிகளும் கடலூர்ப் பக்கத்தில் வந்து கூடுகின்றன.

பாடலிகையில் எழுந்த நூல்

‘லோகவிபாகம்’ என்பது உலகின் அமைப்பைக் கூறும் நம் நூல்களுள் ஒன்று. இன்று நமக்குக் கிடைப்பது சிம்மசூரி என்பார் வடமொழியில் ஆக்கிய வடிவம். அதன் இறுதியில் அரியதொரு செய்தி காணப்படுகின்றது. இந்நூலை முதலில் இயற்றியவர் சருவநந்தி என்னும் முனிவர். இயற்றிய இடம் பாணராட்டிரத்துப் பாடலிகை என்னும் ஊர். காலம் காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380 என்பது அச்செய்தி. சக ஆண்டு 380 என்பது கி.பி. 458. பாடலிகை என்பது இன்றைய கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரே என ஆய்வாளர் கொள்வர். பழங்காலத்தில் நம் முனிவர்களின் பெரும்பள்ளி சிறந்து விளங்கிய ஊர் அது. இடமதிப்பு முறையில் எண்களைக் கையாண்ட பழைய சான்றுகளுள் ஒன்றாகவும் இந்நூல் கணித வரலாற்றில் போற்றப்படுகின்றது.

இந்நூலும், தத்துவார்த்த சூத்திரத்தின் மூன்றாம் அதிகாரமும், திலோயபண்ணத்தியும் கூறும் நாவலந்தீவு ஒரு வட்டம். நடுவே மேரு. குறுக்களவு 1,00,000 யோசனை. சுற்றிலும் அதனினும் இருமடங்கு அகலமுள்ள உவர்க்கடல். அவ்வட்டத்தின் சுற்றளவை நம் முன்னோர் தோராயமாகச் சொல்லி அமையவில்லை. பத்தின் வர்க்கமூலத்தைக் கருவியாகக் கொண்டு 3,16,227 யோசனை எனக் கண்டு, எஞ்சிய பகுதியைக் காவதம், வில், விரல் என அரைவிரல் வரை கணக்கிட்டனர். உலகை அளக்க இயலும், எண்ணால் சொல்ல இயலும் என்னும் துணிவு இக்கணக்கில் தெரிகின்றது.

எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அந்நூல்கள் கூறும் வடிவம் பரந்த வட்டத்தட்டு, உருண்டை அன்று. நிலத்தில் நின்று நோக்குவோர்க்கு உலகம் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே அது அமைந்துள்ளது.

பாஸ்கரர் கண்ட காரணம்

இதே நாட்டில் வேறொரு மரபும் வளர்ந்தது. கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் நிலவுலகை உருண்டை என்றும், கடப்பம்பூவின் உருண்டையைச் சுற்றிலும் இதழ் நிறைந்திருத்தல் போல உயிர்கள் அதனைச் சூழ்ந்து வாழ்கின்றன என்றும் உவமை காட்டினார். கி.பி. 1150-இல் ‘சித்தாந்த சிரோமணி’யை இயற்றிய பாஸ்கரர், நம் நூல்கள் கூறும் இரு ஞாயிறு, இரு திங்கள் என்னும் கொள்கையை வெளிப்படையாக மறுத்தார். மறுத்தார் என்பதற்காக அவரை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. வாதத்துக்கு அஞ்சாதது நம் சமயம்.

அவர் மறுத்ததோடு நில்லாமல், ‘உருண்டையாயின் ஏன் தட்டையாகத் தோன்றுகின்றது?’ என்று தாமே வினவி விடையும் கூறினார். எந்த வட்டத்திலும் சுற்றளவின் நூறில் ஒரு பங்கு நேர்கோடு போலவே தோன்றும். நிலவுலகமோ மிகப் பெரிது. மாந்தனோ மிகச் சிறியன். ஆகவே அவன் கண்ணுக்கு எட்டும் பகுதி தட்டையாகவே தோன்றும். இதுவே அவர் கூறிய காரணத்தின் சாரம். சூரிய சித்தாந்தமும் மாந்தரின் சிறுமையையே இதற்குக் காரணமாகக் காட்டுகின்றது.

அவர் கூறியதை இன்றைய அளவுகளால் சோதித்துப் பார்ப்போம்.

தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு கணக்கு

கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் அலை தொடும் இடத்தில் ஒருவர் நிற்கின்றார் எனக் கொள்வோம். அவர் கண் நீர்மட்டத்துக்கு மேல் 1.6 மீட்டர் உயரத்தில் உள்ளது. நிலவுலகின் ஆரம் சுமார் 6,371 கிலோமீட்டர். இவ்விரண்டையும் கொண்டு கணக்கிட்டால், அவருக்குத் தொடுவானம் நாலரைக் கிலோமீட்டர் தொலைவிலேயே முடிந்துவிடுகின்றது. ‘கண்ணுக்கெட்டிய தூரம்’ என்று நாம் பெருமையாகச் சொல்வது அவ்வளவே.

எல்லாப் புறமும் திறந்த வெளியில் நின்றாலும் அவர் காணும் வட்டத்தின் குறுக்களவு 9 கிலோமீட்டர். உலகின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். பாஸ்கரர் நூறில் ஒரு பங்கு என்றார். நாம் காண்பதோ நாலாயிரத்து நானூறில் ஒரு பங்குதான். ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தின் விளிம்பில் இப்பங்கைக் குறித்தால் அது ஒரு மில்லிமீட்டர் அளவே வரும். அந்த ஒரு மில்லிமீட்டரில் நின்றுகொண்டு சக்கரம் வளைந்துள்ளதா என்று கேட்டால் எறும்பும் இல்லை என்றே சொல்லும்.

நிலம் வளைந்து தாழும் அளவும் சிறிது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது 8 சென்டிமீட்டர். வயலின் வரப்பும் வாய்க்காலும் இதைவிட மேடு பள்ளமானவை. ஆனால் தொலைவு இருமடங்கானால் தாழ்வு நான்மடங்காகும். பத்து மடங்கானால் நூறு மடங்காகும். பத்துக் கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 8 மீட்டர்.

வளைவைக் காட்டிக்கொடுப்பது கரையிலிருந்து செல்லும் படகு. பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள படகின் அடியில் இரண்டேகால் மீட்டர் உயரம் நீரின் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். காற்றில் ஒளி சிறிது வளைந்து வருவதால் இவ்வளவில் ஓரளவு குறையும். முதலில் அடிப்பகுதியும் பின்னர்ப் பாய்மரமும் மறைவதைப் பார்த்து வளர்ந்த மீனவர்க்கு இது புதுச் செய்தியன்று.

வலமும் இடமும் தொடுவானம் வளையாமல் கோடு கிழித்தாற்போல் இருப்பதேன் என்று சிலர் வினவுவர். நம்மைச் சுற்றி எப்பக்கமும் அது ஒரே தொலைவில், ஒரே அளவு தாழ்ந்து நிற்கின்றது. அத்தாழ்வு கடற்கரையில் நிற்பவருக்கு இரண்டரைக் கலைக்கும் குறைவு. முழுநிலவின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட அன்று. ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்தால்தான் கண் வளைவை உணரும். எல்லாப் பக்கமும் ஒன்றாகத் தாழ்வதைக் கண் சமம் என்றே கொள்ளும்.

ஆகவே கண் பொய் சொல்லவில்லை. தான் நிற்கும் இடத்துக்கும் தன் உயரத்துக்கும் உரிய செய்தியைச் சரியாகவே சொல்லுகின்றது. அதனை உலகம் முழுமைக்கும் உரிய தீர்ப்பாக நாம் கொள்வதே பிழை.

பரங்கிமலை முதல் திருவந்திபுரம் வரை

கண்ணால் காண இயலாத வளைவை நம் மண்ணிலேயே அளந்த வரலாறு ஒன்று உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் சென்னைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியை நானூறு முறை நீட்டி வைத்து, 57 நாள் அளந்தனர். சீனப் பேரரசருக்கென 1793-இல் ஆங்கிலத் தூதுக்குழு கொண்டுசென்று, அங்கே பயன்படாமல் இந்தியா வந்து சேர்ந்த சங்கிலி அது. அரை டன் எடையுள்ள பெரிய கோணமானி இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி மொரீசியசுக்குப் போய், அறிவியல் கருவி என்பதால் மதிப்புடன் திருப்பி அனுப்பப்பட்டது.

அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர்க் கோட்டிலேயே நம் கேள்விக்கு ஒரு விடை இருக்கின்றது. ஒரு முனையில் ரசமட்டம் வைத்து நேரே ஒரு கோடு நீட்டினால், மறுமுனையில் அது நிலத்துக்கு மேல் 11 மீட்டருக்கு அப்பால், ஒரு தென்னை உயரத்தில் நிற்கும். ஆயினும் வளைந்த நிலத்தின் வழியே அளந்த நீளத்துக்கும், இரு முனைகளையும் நேரே இணைக்கும் கோட்டின் நீளத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மில்லிமீட்டர்தான். நடந்து அளப்பவன் இதனை உணரவே இயலாது.

அவ்வடிக்கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டு லாம்ப்டன் தெற்கே வந்தார். வடமுனை சென்னைக்கும் வடக்கே. தென்முனை கடலூரை அடுத்த திருவந்திபுரம். சருவநந்தி உலகின் அமைப்பை எழுதிய பாடலிகைக்கு மிக அண்மையிலுள்ள ஊர் அது. ஏறத்தாழ 1,350 ஆண்டு இடைவெளியில், உலகின் வடிவை ஆராய்ந்த இருவர் ஒரே வட்டாரத்தில் நின்றிருக்கின்றனர்.

இரு முனைகளிலும் லாம்ப்டன் தலைக்கு நேர்மேலே செல்லும் விண்மீன்களை நோக்கினார். விண்மீன்கள் எண்ணற்ற தொலைவில் உள்ளவை. நிலம் தட்டையாயின், இரண்டு ஊர்களிலும் ஒரே விண்மீன் ஒரே கோணத்தில் தோன்ற வேண்டும். அவ்வாறு தோன்றவில்லை, ஏறத்தாழ 1 பாகை 35 கலை வேறுபட்டது. திருவந்திபுரத்தில் கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டும் சென்னைக்கு வடக்கே தொங்கவிடும் தூக்குக்குண்டும் ஒன்றுக்கொன்று இணையானவை அல்ல. அவ்வளவு சாய்ந்துள்ளன என்பது இதன் பொருள். இடைவெளி இன்றைய அளவில் சுமார் 175 கிலோமீட்டர். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், அதனை 360 பாகைக்குப் பெருக்கினால் சற்றேறக்குறைய 40,000 கிலோமீட்டர் வருகின்றது. உலகைச் சுற்றாமலே உலகின் சுற்றளவு கிடைத்துவிட்டது.

பின்னர்க் காவிரிச் சமவெளியில் அவர் பட்ட பாடு நினைக்கத்தக்கது. குன்றுகள் இல்லாத நாடு. தோப்புகள் பார்வையை மறைத்தன. நிலத்தில் நின்று நோக்கினால் தொடுவானமும் நாலரைக் கிலோமீட்டரில் முடிந்துவிடுகின்றது. ஆகவே கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றினார். 60 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் 27 கிலோமீட்டருக்கு விலகும். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது அக்கோணமானி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து சுமார் ஆறு வாரம் உழைத்து அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டார் என்பர். தட்டையாகத் தோன்றும் நாட்டிலேதான் உருண்டையை அளக்க உயரம் மிகுதியும் தேவைப்பட்டது.

நிலமளக்கும் கலையின் வழக்கம் ஒன்றையும் இங்கே கூற வேண்டும். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்று பள்ளியில் கற்பித்தோம். வளைந்த நிலத்தில் அது சிறிது மிகும். எவ்வளவு? ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை. அதாவது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு. நம் வயலின் புலப்படம் வரையும் அளவர் நிலத்தைத் தட்டை என்றே கொள்ளுகின்றார். அவர் கணக்கில் பிழையில்லை. நாட்டை அளப்பவர் உருண்டை என்று கொள்ளாவிடில் கணக்கு முழுதும் கெடும். அளப்பவர் இருவரும் மெய்யே சொல்லுகின்றனர். அளக்கும் பரப்புத்தான் வேறு.

ஓர் ஏகாரத்தின் பிழை

இதனைப் படித்தபோது தத்துவார்த்த சூத்திரத்தின் வைப்புமுறை என் நினைவுக்கு வந்தது. உலகின் வடிவம் மூன்றாம் அதிகாரத்தில் வருகின்றது. ஆனால் முதல் அதிகாரமே, பொருளைப் பிரமாணத்தாலும் நயத்தாலும் அறிக என்று அறியும் முறையை வகுத்துவிடுகின்றது. முழுமையைக் காண்பது பிரமாணம். ஒரு கோணத்தில் நின்று ஒரு கூற்றைக் காண்பது நயம். ஒரு நயம் ஏனைய நயங்களை மறுத்துத் தானொன்றே மெய் என்று நிற்குமாயின் அது துர்நயம்.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இதனை ஓர் எழுத்தால் விளக்கலாம். ‘என் வயல் தட்டை’ என்பது நயம். ‘உலகம் தட்டையே’ என்பது துர்நயம். பிறவற்றை விலக்கும் அந்த ஏகாரத்தில்தான் பிழை புகுகின்றது.

அவ்வேகாரத்தின் வலிமைக்கு இங்கிலாந்தில் ஒரு சான்று உண்டு. 1838-இல் ரோபாதம் என்பவர் ஆறு மைல் நேராக ஓடும் பெட்போர்டு கால்வாயில் இறங்கி, நீருக்குச் சற்றே மேல் கண்ணை வைத்து, ஆறு மைல் சென்ற படகும் தெரிந்ததாகக் கூறி, உலகம் தட்டை என நூல் எழுதினார். நீரை ஒட்டிய காற்றில் ஒளி மிகுதியாக வளைந்து, மறைந்திருக்க வேண்டிய பொருளையும் தூக்கிக் காட்டும் என்பதை அவர் கருதவில்லை. 1870-இல் ஹாம்ப்டன் என்பார் உலகின் வளைவைக் காட்டுவோர்க்கு 500 பவுன் தருவதாகப் பந்தயம் கட்டினார். இளமையில் நில அளவையில் பயின்ற அறிஞர் ஆல்பிரடு ரசல் வாலசு அதே கால்வாய்க்குச் சென்றார். பார்வைக்கோட்டை நீர்மட்டத்துக்கு வெகு மேலே உயர்த்தி, நடுவிலும் முடிவிலும் ஒரே உயரத்தில் குறிகளை நிறுத்தினார். நடுக்குறி மேலெழுந்து நின்றது, வளைவு தெரிந்தது. ஹாம்ப்டனோ ஏற்கவில்லை. பல ஆண்டு வாலசை வசைபாடி அதற்காகச் சிறையும் சென்றார். கண்ணின் உயரத்தை மாற்றினால் போதும். அவரால் மனத்தின் உயரத்தை மாற்ற இயலவில்லை.

பெயர்த்திக்கு விடை

இனி அக்குழந்தைக்கு வருவோம். நம்மவருள் சிலர் நூலைக் காப்பதாக எண்ணி, செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பொய் என்கின்றனர். வேறு சிலர், நம் நூலிலேயே உருண்டை கூறப்பட்டுள்ளது எனச் சொற்களை வளைக்கின்றனர். முதலாவது, கண்டதை மறுப்பது. இரண்டாவது, எழுதியதை மறைப்பது. சத்தியத்தை அணுவிரதமாக ஏற்ற இல்லறத்தார்க்கு இரண்டும் பொருந்தா.

நான் அவளிடம் இவ்வாறு சொல்ல விரும்புகின்றேன்: “அம்மா, நாம் நிற்கும் நிலவுலகம் உருண்டையே. அதனை நம் கடலூர் மண்ணிலேயே அளந்து கண்டிருக்கின்றார்கள். இங்கே ஏகாரம் போட்டுச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அளவை அதற்குச் சான்று. சருவநந்தி முதலிய முனிவர்கள் தம் காலத்துக் கல்வி கொண்டு, தம் கண்ணுக்கெட்டிய உலகை எண்ணால் அடக்க முயன்றார்கள். அவர்கள் அதை எழுதியதன் பயன் நில அளவையன்று. உலகத்தின் பரப்பை உள்ளத்தில் நிறுத்தி, இத்துணைப் பெரிய உலகில் பிறந்து பிறந்து உழலும் உயிரின் நிலையை எண்ணிப் பற்றறுவதே அதன் பயன். பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் உலகத்தை எண்ணுதலும் ஒன்றாக வைக்கப்பட்டது அதனால்தான். அப்பயன் உருண்டையை எண்ணினாலும் குறையாது.”

நாலாயிரத்து நானூறில் ஒரு பங்கே தன் கண்ணுக்குத் தெரிகின்றது என்று உணர்ந்தவனுக்குத் தன் கருத்தே முடிவு என்று பேச நா எழுமா? பாஸ்கரர் ‘மாந்தன் மிகச் சிறியன்’ என்று கணக்கில் சொன்னதை நம் ஆசாரியர்கள் அறத்தில் சொன்னார்கள்.

‘கோயிலில் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது’ என்னும் சொல் இனி நம் ஜினாலயங்களில் ஒலிக்க வேண்டா. மகாவீரரை அணுகிய இந்திரபூதி கௌதமர் ஐயத்தோடுதான் வந்தார். ஐயம் தீர்ந்தே முதல் கணதரர் ஆனார் என்பது நம் மரபு. இவ்வாண்டுத் திருவிழாவில் அந்தப் படத்தின் முன் பெயர்த்தியை அழைத்துச் சென்று நிறுத்தி, அவள் கேட்டதை மறுபடியும் உரக்கக் கேட்கச் சொல்லப் போகின்றேன். விடை சொல்ல நாம் ஆயத்தமாக இருப்போம்.